மொட்டை மயில்

அந்தப் படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வேலூரில் நான் போட்டோகிராபி படித்த பயிற்சி நிலையத்தின் ஆன்லைன் பக்கத்தைத் திறந்தால் மூன்றாவது வரிசையில் வரும். படத்துக்குக் கீழே "அழியும் தொழிலின் கடைசிக் கை" என்று எழுதியிருக்கும். எழுதியது எங்கள் சார். கை எங்கள் அம்மாவுடையது. அம்மாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. எங்கள் தெருவில் இந்தப் பக்கம் எட்டு வீட்டிலும் எதிர்ப்பக்கம் ஏழு வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஒருத்தரும் தூங்க முடியாது, அவ்வளவு சத்தம். அழிகிறதாம். கடைசியாம். அந்த மனுஷனுக்கு ஆரணிக்கு எந்த பஸ் ஏறுவது என்றுகூடத் தெரியாது.

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் ஆறின பிறகு எழுது என்று கூடப் படித்தவள் ஒருத்தி சொன்னாள். ஆறட்டும் என்று காத்திருந்தால் நான் எழுதவே மாட்டேன். இப்படியே எழுதுகிறேன்.

டிகிரி முடித்துவிட்டு ஆரணியிலேயே ஒரு கல்யாண ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன். யாரோ எடுத்த படத்தில் யாரோ மூஞ்சியை வெள்ளையாக்குகிற வேலை. நாளெல்லாம் அதைச் செய்தால் நாமே எடுத்தால் என்ன என்று தோன்றத்தானே செய்யும். அம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கு இன்னாத்துக்குடி படிக்கணும்? பட்டன அமுக்கினா வரப்போவுது," என்றாள்.

இப்படிச் சொன்னவள்தான் அடுத்த தீபாவளிக்குத் தனக்குச் சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செகண்ட் ஹேண்டில் எனக்குக் கேமரா வாங்கிக் கொடுத்தாள். அப்பா அரிசி மில் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். அவருக்கு நான் கேமராவும் கையுமாகத் திரிவது போனில் படம் அனுப்பித்தான் தெரியும். வீட்டில் நான், அம்மா, முன்கட்டு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் தறி, அவ்வளவுதான்.

வாரத்தில் நான்கு நாள் கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் வேலூர் போய் வருவேன். முதல் மாதம் முழுக்க முட்டைதான். வெள்ளைக் காகிதத்தின் மேல் வெள்ளை முட்டையை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் உருண்டை தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பிடிபட்ட அன்று பஸ்ஸில் வரும்போது எல்லார் மூஞ்சியையும் முட்டை மாதிரி பார்த்துக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்று. சாருக்கு வெளிச்சம் தெரியும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. மனுஷங்களைத்தான் தெரியாது.

நாலாவது மாதம் "என் வீடு" என்று ஒரு தலைப்பு கொடுத்தார். எனக்குக் குஷி தாங்கவில்லை. மற்றவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது, சோபா இருக்கும். எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. அம்மா நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு நெய்கிறாள், பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் மேல் போனைச் சாய்த்து வைத்து சீரியல் பார்க்கிறாள், சீரியலில் வில்லி பேசினதற்குப் பதில் சொல்கிறாள், கை பாட்டுக்கு ஓடுகிறது. ஒரு படத்தில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் தெரியும். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் இன்றைக்கும் அதுதான்.

சார் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். நிறுத்தவே இல்லை.

"இது நெசவாளர் வீடு மாதிரியே இல்லையேம்மா," என்றார்.

"எங்க வீடு சார்."

"தெரியுது. பின்னாடி ஃப்ரிட்ஜ் இருக்கு, மிக்சி இருக்கு, பச்சைக் கலர் சேர் இருக்கு. நைட்டி வேற. பாக்குறவனுக்கு எப்படி மனசு கலங்கும்? அந்தச் சேரைத் தூக்கிட்டு, டியூப்லைட்டை அணைச்சுட்டு எடு. அம்மாவ ஒரு காட்டன் புடவை கட்டச் சொல்லு. முக்கியமா, சிரிக்க வேண்டாம்னு சொல்லு."

வகுப்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் என்ன பாவம் பண்ணியது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் மேல் எனக்கிருக்கிற முதல் கோபம் அது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா சொந்தமாக நெய்கிறவள் இல்லை. டவுனில் ஒரு மாஸ்டர் வீவர் இருக்கிறார், நாங்கள் மொதலாளி என்போம். பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் அவருடையது. தறி எங்களுடையது, உழைப்பு அம்மாவுடையது. ஒரு சேலை டிசைன் கடைக்குப் போகிறவரைக்கும் அது அவருடைய ரகசியம். வெளியே போனால் பவர்லூமில் பத்தே நாளில் காப்பி அடித்து, பாதி விலையில் இறக்கிவிடுவார்கள். அதனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வேற்று ஆள் வந்தால் முதல் வேலையாகத் தறியில் நெய்திருக்கும் சேலை மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவோம். தபால்காரர் வந்தாலும் மூடுவோம், சம்பந்தி வந்தாலும் மூடுவோம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களும் வீட்டுக்குப் போனால் மூடுகிறவர்கள்தான்.

நான் படித்துக்கொண்டிருந்த அந்த வருஷத் தீபாவளிக்கென்று மொதலாளி ஒரு டிசைன் வைத்திருந்தார். கரையில் வரிசையாகச் சின்னச் சின்ன மயில். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், தலையில் மூன்று புள்ளி வைத்த கொண்டை. அந்த டிசைனை எங்கள் தறிக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார். அம்மா கை அவ்வளவு சுத்தம் என்று அவரே நாலு பேரிடம் சொல்வார். அம்மாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் அந்த மாதம் முழுக்க யார் வந்தாலும் சேலையை மூடுகிற வேகத்திலேயே தெரிந்துவிடும்.

மறுபடி படம் எடுக்கிறேன் என்றதும் அம்மாவே பழைய வேட்டி ஒன்றை எடுத்துச் சேலை மேல் போட்டாள். நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நான் சேரைத் தூக்கி வெளியே வைத்தேன். டியூப்லைட்டை அணைத்தேன். ஃப்ரிட்ஜை என்ன செய்வது, அது பக்கம் கேமராவைத் திருப்பாமல் விட்டேன். அம்மா காட்டன் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சிரிக்காதமா."

"அழுவணுமா?"

"அழுவ வேணாம். சும்மா இரு."

"சும்மா இருந்தா எப்பிடிடி நெய்யறது? இன்னாடி பேஜாரு பண்ற."

பின்கதவைத் திறந்துவிட்டதும் வெளிச்சம் தறிக்குப் பின்னாலிருந்து வந்தது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கயிற்றில் கோத்துத் தொங்கும். அன்றைக்கு ஒரு அட்டை மடங்கிச் சிக்கிக்கொண்டது. அம்மா எழுந்து நின்று, கையைத் தூக்கி, அதைப் பிடித்து நிமிர்த்தினாள். அந்த நேரம் பார்த்து வெளிச்சம் அத்தனை ஓட்டை வழியாகவும் புகுந்து வந்தது. அட்டைகள் கருப்பு, ஓட்டைகள் ஒவ்வொன்றும் வெள்ளை, நடுவில் அம்மாவின் கை. எடுத்தேன். ஃபோகஸ் கத்தி மாதிரி விழுந்திருந்தது.

நெசவு தெரிந்தவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மயில் இருப்பது சேலையில் மட்டும் இல்லை. அந்த அட்டையில்தான் முதலில் இருக்கிறது. ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், ஜரிகை தெரியும். இல்லாத இடத்தில் தூக்காது. அட்டையைப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சேலையே வேண்டாம். சின்ன மயில், கொஞ்சம் அட்டைதான், ஒரே தொங்கலில் கிட்டத்தட்ட ஒரு முழு மயிலே என் படத்தில் தெரிந்தது.

எனக்கு இது தெரியாதா? தெரியும். சின்ன வயதில் பழைய அட்டையை வைத்துக்கொண்டு பஸ் டிக்கெட் கிழித்து விளையாடினவள் நான். அம்மாவுக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அதன் கீழே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் எங்களுக்குச் சேலையை மூடினால் டிசைனை மூடியாகிவிட்டது. கை அப்படிப் பழகிவிட்டது. அட்டை என்பது எங்களுக்குக் கொடியில் தொங்குகிற துணி மாதிரி, எப்போதும் அங்கேயே இருக்கும், அதை யார் பார்க்கப் போகிறார்கள். வேற்று மனுஷியாக இருந்திருந்தால்கூட இது என்னது என்று ஒரு கேள்வி கேட்டிருப்பாள். நெசவுக்காரி மகள் என்பதால்தான் நான் கேட்கவில்லை.

சார் அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வகுப்பு கைதட்டியது. பெரிசாக பிரிண்ட் போட்டு வாசலில் மாட்டினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆன்லைன் பக்கத்திலும் போட்டார்கள், அதுவும் யார் வேண்டுமானாலும் முழு அளவில் இறக்கிக்கொள்கிற மாதிரி. கீழே அந்தக் கடைசிக் கை வசனம், அதற்கும் கீழே பெரிய எழுத்தில் ஊர்ப் பேர். ஆரணி. அப்படிப் போட்டது எனக்குத் தெரியவே இரண்டு வாரம் ஆனது, தெரிந்ததும் அம்மாவுக்குக் காட்டினேன். கையைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "நகத்த வெட்டி இருக்கலாம்," என்றாள். வசனத்தைப் படித்துக்காட்டினேன். "கடைசியா? எனக்கு அடுத்த பாவு வியாழக்கெழமை வருது," என்றாள்.

அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது.

புதுப் பாவு வந்தால் காலையிலேயே தெருவில் நீட்டுவோம். பாவு என்றால் தறிக்கு நீளவாட்டில் ஏற்றுகிற பட்டு இழைகள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கட்டி நிறுத்தி, கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிச்சுப் போடுவது. ஒரு வீட்டுப் பாவுக்கு ஐந்தாறு வீட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போக வேண்டும். அன்றைக்கும் எல்லாரும் நின்றிருந்தார்கள். அரக்குச் சிவப்பில் பாவு தெரு நீளத்துக்கும் கிடந்தது.

மொதலாளி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். பவர்லூம் சேலை. பிரித்துக் கரையைக் காட்டினார். வரிசையாக மயில்.

"டவுன்ல மூணு கடையில தொங்குது. என் சேலை இன்னும் கடைக்கே போவல. அட்டைய எவனுக்குமா குடுத்த?"

அம்மா கையில் கஞ்சி பிரஷ் இருந்தது. "நான் எவனுக்குங்க குடுப்பேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"உன் ஒரு தறிக்குத்தான் குடுத்தேன். தெரியாதுன்னா காத்துல போச்சா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தெருவில் யாராவது குறுக்கே வந்திருப்பார்கள். கூட வந்த ஆட்களிடம் "சுத்துங்கப்பா" என்று மட்டும் சொன்னார். பாதி கஞ்சி தடவின பாவை அந்தக் கோடியிலிருந்து சுற்றிக்கொண்டே வந்தார்கள். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகக் கையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வாசல் வரைக்கும் வந்து, அம்மா பிடித்திருந்த முனையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் வந்து அட்டை, அவர் கொடுத்திருந்த ஜக்கார்டு பெட்டி எல்லாவற்றையும் இறக்கினார்கள். எங்கள் தெருவில் பாவைச் சுற்றிக்கொண்டு போவது என்றால் செருப்பால் அடிக்கிற மாதிரி. டிசைன் விற்றவள் என்று ஒருத்தி மேல் பேர் விழுந்தால் ஆரணியில் மட்டும் இல்லை, பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில்கூட ஒருத்தர் அவளுக்கு நூல் தரமாட்டார்கள்.

அன்று முழுக்க நான் யாரோ சதி பண்ணிவிட்டார்கள் என்று தெருவைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அந்த பவர்லூம் சேலையைக் கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், "மயிலுக்குக் கொண்டையே இல்லடி. மொட்ட மயிலு. காப்பி அடிக்கறவன் அத ஒழுங்கா அடிக்கக்கூடாதா?" தெரு சிரித்தது. எனக்கு மட்டும் நான் எடுத்த அட்டைப் படம் நினைவுக்கு வந்தது. உள்ளே போய் லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்து பெரிசாக்கினேன். ஓட்டைகளை ஒரு தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தேன். வால் வந்தது. உடம்பு வந்தது. கழுத்து, மூக்கு வந்தது. கொண்டை வர வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. அங்கே அம்மாவின் கட்டைவிரல் இருந்தது. மடங்கின அட்டையை நிமிர்த்தியபோது அழுத்திப் பிடித்த விரல்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை.

"யாராண்டயும் சொல்லாத," என்றாள்.

"மா, நீ பண்ணலன்னு எல்லாருக்கும் தெரியணும்மா."

"தெரிஞ்சா? பொண்ணு வித்துட்டான்னுவான். அப்புறம் கேமராவத் தூக்கினு எந்த வீட்டு வாசப்படி ஏறுவ நீ? ஒருத்தியோட போவட்டும். ரெண்டு பேரு இன்னாத்துக்கு?"

எனக்கு அம்மா மேலும் கோபம் வந்தது. இப்படி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் கடன்காரி ஆக்குகிறாளே என்று. மறுவாரத்திலிருந்து அம்மா எதிர்ச்சாரியில் ஒரு வீட்டுக்கு நூல் சுற்றப் போனாள். தறியில் உட்கார வேண்டியவள் இன்னொருத்தர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள், அந்த வீட்டுக்கு வேற்று ஆள் வந்தால் அவர்கள் சேலையை மூடினார்கள். ஒருநாள் அம்மா உள்ளே நுழையும்போதே மூடினார்கள். அதை அவள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

சாரிடம் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கண் விரிந்தது. இரக்கம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"மொட்டை மயில். என்ன ஒரு டைட்டில்," என்றார். "இதை விடாதே. அம்மா வெறும் தறி முன்னாடி உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சீரிஸ் பண்ணு. மூஞ்சியில அந்த வலி இப்ப நிஜமாவே இருக்கும்."

அந்த வார்த்தையை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். நிஜமாவே இருக்கும். அதாவது முன்பு பொய்யாக எடுக்கச் சொன்னது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"சார், படத்த எடுப்பீங்களா மாட்டீங்களா?"

"ஒரு சேலைக்காக ஒரு நல்ல படத்தை மறைக்கச் சொல்றியா? நீ கலைஞியாம்மா, வியாபாரியா?"

"நெசவுக்காரி பொண்ணு சார். கடைசிக் கைன்னு எழுதினீங்களே, எங்கம்மாவ நெஜமாவே கடைசியாக்கிட்டீங்க. உங்க வாய்க்கு சக்கரதான் போடணும்."

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த பிரிண்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வாட்ச்மேன் என்னம்மா என்றார். எங்க அம்மா என்றேன். விட்டுவிட்டார். அந்தப் பெரிய பிரிண்டைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.

நேராக மொதலாளி கடைக்குப் போனேன். அம்மா பேச்சை நான் மீறினது அந்த ஒருமுறைதான் என்று சொல்லமாட்டேன், நிறைய மீறியிருக்கிறேன். ஆனால் பயந்துகொண்டே மீறினது அந்த ஒருமுறைதான். பிரிண்டை அவர் முன்னால் பாய் மேல் வைத்தேன்.

"எங்கம்மா யாருக்கும் குடுக்கலங்க. நான்தான். காசுக்குக் குடுக்கல, புத்தி இல்லாம எடுத்தேன். இதப் பாத்துத்தான் எவனோ அடிச்சிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் நம்பாமல் பார்த்தார். நான் விரலை வைத்துக் காட்டினேன். "எங்கம்மா அட்டையக் குடுத்திருந்தா கொண்டை வந்திருக்குங்க. இங்க பாருங்க, கட்டைவிரல். அவன் மயிலுக்குக் கொண்டை இல்ல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் முனையால் ஓட்டைகளைத் தொட்டுத் தொட்டுக் கீழிருந்து மேலே வந்தார். அட்டையைப் படிக்கிறவர் அவர். விரல் இருக்கிற இடத்தில் பென்சில் நின்றது. பக்கத்திலிருந்த பவர்லூம் சேலையை இழுத்துக் கரையைப் பார்த்தார்.

"சேலைய மூடினீங்களா?" என்று கேட்டார்.

"மூடினோங்க. நாலு பக்கமும்."

"சேலைய மூடிட்டு அட்டையப் படம் புடிச்சிருக்க. நெசவுக்காரன் வீட்ல பொறந்த பொண்ணு." பென்சிலைக் கீழே வைத்தார். "என் தீபாவளி போச்சு, தெரியுமா உனக்கு?"

தெரியுங்க என்றேன். அவருக்கும் நஷ்டம்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவை அவர் நடுத்தெருவில் வைத்துக் கேட்டாரே, அந்த ஒரு கேள்வியை அவர் வீட்டுக்குள் வந்து கேட்டிருந்தால் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பதில் சொல்லியிருப்பாள். போ, பாக்கலாம் என்றார். பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பத்து நாளும் அம்மாவிடம் நான் போனதைச் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலையில் அவருடைய ஆட்கள் பாவோடு வந்து நின்றார்கள். பின்னாலேயே ஸ்கூட்டரில் அவரும். தெருவில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அம்மா நூல் சுற்றப் போகச் செருப்பு போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், பாவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். போய்ச் சொல்லிவிட்டேன் என்பது அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

"பாவு வந்துகீதுமா," என்றார் அவர். "நீட்டச் சொல்லு."

அம்மா செருப்பைக் கழற்றினாள். ஆட்கள் அந்தக் கோடிக்கு ஓடினார்கள், பாவு தெரு நீளத்துக்கும் விரிந்தது, பச்சை. இந்த முனையை அம்மா கையில் கொடுக்க அவர் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"அன்னிக்கு இன்னா கேட்டீங்க மொதலாளி?"

அவர் சுற்றிப் பார்த்தார். "வுடுமா. ஆனது ஆச்சு."

"அட்டைய எவனுக்குக் குடுத்தன்னு கேட்டீங்க. நான் குடுத்தனாங்க?"

"இல்ல," என்றார், வாய்க்குள்ளேயே.

"பாவு முனைய அந்தக் கோடியில புடிச்சினு நிக்கறாங்க. அவங்களுக்குக் கேக்கலங்க."

அம்மா கத்தவில்லை. அவர் அன்றைக்குப் பேசிய அதே குரலில்தான் பேசினாள். தெரு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஒருத்தரும் இழையைத் தொடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கோடிப் பக்கம் திரும்பி, "அட்டைய இந்தம்மா குடுக்கலப்பா. நான் தப்பாக் கேட்டுட்டேன்," என்றார். அந்தக் கோடியில் இருந்தவன் தலையை ஆட்டினான். அப்புறம்தான் அம்மா முனையை வாங்கினாள். கஞ்சி எங்கேடி என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டாள்.

நான் வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன், கோபத்தில்தான். எங்களை அவமானப்படுத்த ஒரு நிமிஷம் ஆனது, அதைத் துடைக்க இத்தனை நாள் ஆனதே என்று. அம்மா கையில் கஞ்சி சொட்டச் சொட்ட என்னிடம் வந்தாள்.

"எடுத்தியா?"

"இன்னாத்தமா?"

"அவரு சொன்னத. அந்தக் கோடியப் பாத்து சொன்னாரே, அத."

கேமரா உள்ளே அலமாரியில் இருந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை.

"எடுக்கலமா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேணாததெல்லாம் எடுத்த. இத எடுக்கல. இன்னாத்தடி படிச்ச நீ?"